விசாரித்து வருகின்றனர்

மாவட்டப் பக்கத்தில் வரும் குற்றச் செய்தி எங்கே தொடங்கினாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: ‘இதுகுறித்து போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்.’ டீக்கடையில் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாகப் படிப்பவர்கள் இந்தக் கடைசி வரியைப் படிப்பதே இல்லை. அதை எட்டும் முன்பே கண் அடுத்த தலைப்புக்குத் தாவிவிடும். நாற்பது வருஷமாக நானும் அப்படித்தான் படித்தேன். எங்கள் தெருவில் ஒரு சங்கிலிப் பறிப்பு நடந்த பிறகுதான் அந்த வரியில் என் கண் நின்றது.

மார்கழி விடியற்காலை. கோலம் போட வாசலுக்கு வந்த எதிர்வீட்டு அக்காவிடம் வழி கேட்பதுபோல் இரண்டு பேர் பைக்கை நிறுத்தி, கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் பேப்பரில் வந்தது. தெருப்பெயர் சரி, பவுன் கணக்கு சரி, ‘மர்ம நபர்கள்’ என்ற பட்டமும் வழக்கம்போல் சரி. அந்த மாதம் முழுக்க எங்கள் தெருவில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகே கோலம் விழுந்தது. ஏழெட்டு மாதம் கழித்து அக்காவை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி, மீட்ட நகைகளில் அவருடையது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். இந்தச் செய்தி எந்தப் பேப்பரிலும் வரவில்லை. பயம் அச்சில் வந்தது. பயம் தெளிவதற்கான சேதி வாய்வழியாக, அதுவும் எங்கள் தெருவுக்கு மட்டும், வந்தது.

உள்ளூர்ச் செய்தியின் பலமும் பலவீனமும் இதற்குள்ளேயே இருக்கின்றன. நடந்ததை அது சட்டென்று சொல்லிவிடும். நடந்துகொண்டே இருப்பதைச் சொல்ல அதற்குப் பழக்கமில்லை. குற்றத்தைப் பற்றியும், ஆஸ்பத்திரியைப் பற்றியும், மருத்துவத் துறையில் அரசு கொண்டுவரும் மாற்றங்களைப் பற்றியும் நம் ஊர்க்காரர்களிடம் உள்ள அபிப்பிராயங்கள் இந்தப் பழக்கத்திலிருந்து பிறந்தவை என்றே நினைக்கிறேன்.

முதலில் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கி, எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரிகிற தமிழில் ஊர்ச் செய்திகளைப் போட்டபோது, அதுவரை பேப்பர் பக்கமே போகாதவர்கள் வாசகர்களானார்கள். தலைநகரின் அரசியலோடு தன் தாலுகாவின் கிணறும் சந்தையும் அச்சில் வரத் தகுதியானவை என்று சாதாரண மனிதனுக்கு முதலில் சொன்னவை இத்தகைய பத்திரிகைகள்தான். இன்றும் எரியாத தெருவிளக்கு, டாக்டர் வராத ஆரம்ப சுகாதார நிலையம், கசியும் குடிநீர்க் குழாய் எல்லாம் மாவட்டப் பக்கத்தில் படத்தோடு வந்தால் இரண்டொரு நாளில் வேலை நடக்கிறது. ‘செய்தி எதிரொலி’ என்று பேப்பரே பெருமையாகப் போட்டுக்கொள்ளும். அந்தப் பெருமை நியாயமானது. மனு எழுதத் தெரியாதவனுக்கு அதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

இந்தப் பலம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சாத்தான்குளத்தைச் சொல்லலாம். 2020 ஜூனில், ஊரடங்குக் காலத்தில், செல்போன் கடை வைத்திருந்த தந்தையும் மகனும் போலீஸ் காவலுக்குப் பிறகு அடுத்தடுத்து இறந்தார்கள். வியாபாரிகள் கடையடைத்தார்கள். ஊர்ச் செய்தி நாட்டுச் செய்தியானது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமாக முன்வந்து வழக்கைக் கையிலெடுத்தது, விசாரணை பின்னர் சிபிஐக்குப் போனது. ஊர் பேசாமல் இருந்திருந்தால் உடல்நலக் குறைவால் இறந்த இரண்டு கைதிகளாக அவர்கள் ஒரு மூலையில் முடிந்திருப்பார்கள்.

அதே சாத்தான்குளம் இந்த வழக்கத்தின் ஓட்டையையும் காட்டியது. அந்த வழக்கின் முதல் தகவல் அறிக்கை, அவர்கள் தரையில் உருண்டதால் காயம் ஏற்பட்டது என்ற பாணியில் எழுதப்பட்டிருந்தது. காவலுக்கு அனுப்பத் தகுதியான உடல்நிலை என்று அரசு ஆஸ்பத்திரியின் சான்று இருந்தது. காகிதத்தில் எல்லாம் ஒழுங்கு. மாவட்ட நிருபர் அன்றாடம் நம்பியிருப்பது இந்தக் காகிதங்களைத்தான். ஸ்டேஷன் ரைட்டர் சொல்வதும் எஃப்ஐஆரில் இருப்பதும் செய்தியாகின்றன, எதிர்த்தரப்புக்கு அதில் இடமில்லை. ‘போலீஸ் தரப்பில் கூறப்படுவதாவது’ என்ற தயக்கச் சொல்லும் அவசரத்தில் உதிர்ந்துவிடும். பிடிபட்டவர் அன்றே குற்றவாளி. பின்னால் விடுதலையானால் அது ஒரு பத்திச் செய்தியாகக்கூட வருவது அபூர்வம்.

எஃப்ஐஆர் வெளியே வருவது தவறு என்று இதற்குப் பொருளில்லை. 2016இல் உச்ச நீதிமன்றம், அந்தரங்கம் காக்க வேண்டிய வழக்குகள் நீங்கலாக, எஃப்ஐஆர்களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றச் சொன்னது நல்ல சீர்திருத்தம். ஆனால் 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமை வழக்கில், மறைக்க வேண்டிய எஃப்ஐஆர் வெளியாகிக் கைபேசி கைபேசியாகச் சுற்றியது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவுப்படி குற்றம். சென்னை உயர் நீதிமன்றம் பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் மூவர் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்ததோடு, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடும் தரச் சொன்னது. குற்றவாளிக்கு 2025 ஜூனில், குறைந்தது 30 ஆண்டுகள் வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆறே மாதத்தில் ஒரு வழக்கு தொடங்கி முடிந்ததை வாசகன் பார்த்தது இப்படிச் சிலவற்றில்தான். மாநிலமே கவனித்ததால் அது சாத்தியமானது. தாலுகா வழக்குகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

செய்தியில் எடுத்தாளும் சொல்லும் ஒரு சிக்கல். ‘கள்ளக்காதல்’ என்று தலைப்பில் போட்டுவிட்டால் கொலையுண்டவருக்கும் கொன்றவருக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதியாயிற்று. பிறகு எதற்கு விசாரணை? செத்தது பெண்ணாக இருந்தால் வாசகனின் இரக்கத்தில் பாதி அந்த ஒரு சொல்லிலேயே கழிந்துவிடும். பல பத்திரிகை அலுவலகங்களில் இந்தச் சொல் வேண்டாம் என்று பேசிப் பார்த்திருக்கிறார்கள். இருந்தும் தலைப்பில் அது வந்துகொண்டேதான் இருக்கிறது.

இனி அளவுக்கு வருவோம். 2022இல் தமிழ்நாட்டில் பதிவான கொலை வழக்குகள் 1,700ஐ ஒட்டியவை. அதே ஆண்டு சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 17,000க்கும் மேல். பத்துக்கு ஒன்று. ஆனால் டீக்கடையில் ‘காலம் கெட்டுப்போச்சு’ என்று பெருமூச்சு விடுபவர் கொலையை நினைத்துத்தான் விடுகிறார். அப்படிச் சொல்லிவிட்டு ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்புகிறார். விபத்துச் செய்தி பேப்பரில் வராமலில்லை, தினமும் வருகிறது. ‘சம்பவ இடத்திலேயே பரிதாபமாக உயிரிழந்தார்’ என்று ஒவ்வொரு சாவும் தனித்தனியாக வருவதுதான் கோளாறு. அதே வளைவில் போன வருஷம் எத்தனை பேர் விழுந்தார்கள், அங்கே வேகத்தடையோ விளக்கோ கேட்டு யாராவது மனு கொடுத்தார்களா என்பது செய்தியில் இல்லை. அதனால் விபத்து விதியாகிறது, கொலை மட்டும் நிர்வாகக் கோளாறாகிறது.

ஆஸ்பத்திரியைப் பற்றி மாவட்டப் பக்கத்தில் வருபவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, ‘வயிற்றிலிருந்து ராட்சதக் கட்டி அகற்றம்: அரசு டாக்டர்கள் சாதனை’. மற்றொன்று, ‘தவறான சிகிச்சை? உறவினர்கள் முற்றுகை’. சாதனை, முற்றுகை இரண்டுக்கும் நடுவே தினமும் ஆயிரக்கணக்கானோர் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மாத்திரை வாங்கிப் போகிறார்கள். அவர்கள் பேப்பரில் இல்லை. தலைப்பின் அந்தக் கேள்விக்குறிக்கு விடை என்ன ஆனது என்பதும் இல்லை.

2024 நவம்பர் 13 அன்று, கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். ஊர்ச் செய்தி, குற்றம், மருத்துவ நிர்வாகம் மூன்றும் ஒரே அறையில் மோதிய நாள் அது. டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பாதுகாப்புக் கேள்விகள் எழுந்தன, எழவும் வேண்டும். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008இலிருந்தே தனிச் சட்டம் உண்டு. கத்தியை எடுத்ததற்கு எந்தக் காரணமும் நியாயமாகாது. ஆனாலும் சிகிச்சை பலிக்காத ஒரு நோயைப் பற்றிக் குடும்பத்திடம் யார், எப்போது, எவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்ற கேள்வி அந்த வாரத்தோடு மறைந்துவிட்டது. கூட்டம் நெரியும் ஓபியில் ஒரு டாக்டருக்கு ஒரு நோயாளியோடு பேசக் கிடைக்கும் நிமிடங்களைக் கூட்டுவது எவ்வளவு பெரிய சீர்திருத்தம்! அதைத் திறந்துவைக்க ரிப்பன் கிடையாது. ஆகவே செய்தியும் கிடையாது.

சம்பவத்துக்குத்தான் செய்தி என்றால் அரசும் சம்பவமாகத் தெரிகிற சீர்திருத்தத்தின் பக்கம் சாயும். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆட்சி மாறிய பின், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக வேறு உருவம் எடுத்தது. இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நிலத்தை விற்க வேண்டியிருந்த குடும்பங்களுக்கு அது பெரிய காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த பிறகுதான் செல்லும். படுக்கையில் சேராமல் தப்பிக்கத் தேவையான தினசரி மாத்திரைக்கு அது உதவாது.

அந்த மாத்திரையைக் கொண்டுசேர்த்தவை சத்தமில்லாத ஏற்பாடுகள். 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி, தரம் பார்த்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துக்கொண்டு போன ஏற்பாடு. ‘இன்றும் மாத்திரை இருப்பு உள்ளது’ என்று யாராவது தலைப்பு போடுவார்களா? 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுவருகிறது. தொடங்கிய நாள் செய்தி. விருது வாங்கிய நாள் செய்தி. நடுவே தவறாமல் வந்த மாத்திரை செய்தியில்லை. அது தவறிப்போன ஊரும் செய்தியில்லை. அதனால் திட்டம் நன்றாக நடக்கிறதா, சுணங்குகிறதா என்று நம்மில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆளுங்கட்சிக்காரருக்கு நன்றாக நடக்கிறது, எதிர்க்கட்சிக்காரருக்குச் சுணங்குகிறது. அபிப்பிராயம் அவ்வளவில் நிற்கிறது.

பின்தொடர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு மருத்துவத் துறையிலேயே சான்று இருக்கிறது. தமிழ்நாட்டில் பிரசவத்தில் தாய் இறந்தால் எந்த இடத்தில் தாமதம் என்று தணிக்கை செய்வார்கள். வீட்டிலா, வழியிலா, ஆஸ்பத்திரிக்குள்ளேயா? இரவிலும் இயங்கும் சுகாதார நிலையங்கள், 108 வண்டி, இந்தக் கேள்வி எல்லாம் சேர்ந்து, 2018-20 கணக்கில் உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு 54 என்ற அளவுக்கு வந்தோம். நாட்டின் சராசரி 97. ஒரு சாவை அதோடு முடித்துவிடாமல், முந்தைய சாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததன் பலன் இது.

பேப்பர்காரர்களை மட்டும் குறை சொல்வது எளிது. தாலுகா நிருபர் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, அச்சான செய்திக்குத்தான் காசு. தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடித்துத் தரும் பொறுப்பும் அவர் தலையில்தான். எட்டு மாதம் கழித்து ஒரு சங்கிலி வழக்கை விசாரிக்க அவர் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டுமென்றால் பெட்ரோல் யார் போடுவது? வாசகர்கள் நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. முன்பக்கக் கொலையை மூன்று முறை படிப்போம், சுகாதாரத் துறையின் மானியக் கோரிக்கையை ஒரு முறைகூடப் படிக்க மாட்டோம்.

ஆனாலும் பெரிய செலவில்லாத காரியம் ஒன்று உண்டு. வாரத்தில் ஒரு நாள், மாவட்டப் பக்கத்தில் கால் பக்கம் ஒதுக்கி, போன வருஷம் இதே வாரத்தில் வந்த செய்திகள் என்ன ஆயின என்று போடலாம். பிடிபட்டவருக்குத் தண்டனையா விடுதலையா, முற்றுகை நடந்த ஆஸ்பத்திரியில் விசாரணை முடிந்ததா, அந்த வளைவில் விளக்கு வந்ததா. பரபரப்பு குறைவாக இருக்கும். ஊரின் அபிப்பிராயத்துக்குக் காலூன்ற இடம் கிடைக்கும்.

போன வாரம் எதிர்வீட்டுத் திண்ணையில் மக்களைத் தேடி மருத்துவப் பெண் உட்கார்ந்திருந்தார். அக்காவின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்து, அட்டையில் போன மாத எண்ணுக்குப் பக்கத்தில் இந்த மாத எண்ணை எழுதினார். “கொஞ்சம் கூடியிருக்கும்மா, உப்பு குறைங்க” என்று மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அக்கா என் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தார்.

“அந்தப் பைக்குக்காரப் பசங்களுக்கு என்ன தண்டனைன்னு எதுலயாவது போட்டாங்களா தம்பி?”

“விசாரிச்சுக்கிட்டு இருக்காங்கக்கா” என்றேன். அக்கா சிரித்துவிட்டு, அட்டையை மடித்து மாத்திரை டப்பாவுக்குள் பத்திரமாக வைத்தார்.