ஹாட்ரிக் விளையாட்டில் பையன்களின் விலை

ஹாட்ரிக் விளையாட்டில் நாம் பந்தை உதைப்பதே இல்லை. 1997-ல் சுவீடனில் தொடங்கிய இந்த இணைய விளையாட்டில் நமக்கு ஒரு கால்பந்து கிளப்பைக் கொடுத்துவிடுவார்கள். யாரை ஆட வைப்பது, என்ன பயிற்சி கொடுப்பது, யாரை வாங்குவது, யாரை விற்பது என்று முடிவெடுப்பது மட்டும்தான் நம் வேலை. வார இறுதியில் லீக் ஆட்டம், வார நடுவில் கோப்பை ஆட்டமோ நட்பு ஆட்டமோ. ஆட்டம்கூட நிமிடக் கணக்கோடு எழுத்து வர்ணனையாகத்தான் ஓடும். 2009 வாக்கில் இதை ஆடுபவர்கள் பத்து லட்சத்தை நெருங்கினார்கள். பிறகு கூட்டம் கரைந்தது.

இவ்வளவு வறண்ட ஒரு சமாச்சாரத்தை ஜனங்கள் வருஷக்கணக்கில் ஏன் ஆடினார்கள் என்று கேட்டால், என் பதில் அதன் நிதி அமைப்பு. அது அவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டிருக்கிறது. அந்த நேர்த்தியே விளையாட்டின் இன்னொரு பாதியை, அதாவது இளம் வீரர்களை வளர்ப்பதை, விழுங்கிவிடுகிறது என்பதுதான் என் குறை.

முதலில் காசு. ஒரு பருவம் 16 வாரம், எட்டு அணிகள், 14 லீக் ஆட்டங்கள். அதில் ஏழுதான் சொந்த மைதானத்தில். லீக்கில் டிக்கெட் காசு அந்த ஏழு ஆட்டங்களில்தான் வரும், ஆனால் சம்பளமும் மைதானப் பராமரிப்பும் வாராவாரம் போகும். மழை பெய்தால் கூட்டம் குறையும், அப்போது கூரை போட்ட இருக்கைகள் எத்தனை கட்டினோம் என்பது உறைக்கும். தோற்றுக்கொண்டே இருந்தால் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள், அதுவும் வருமானத்தில் தெரியும். கடன் ஒரு வரம்பைத் தாண்டினால் திவால், கிளப் கையை விட்டுப் போகும். வீரன் திறமையில் மேலே போகப் போக அவன் சம்பளம் படிப்படியாக ஏறாது, எகிறும். ஆக, நல்ல வீரனை வைத்திருப்பதே ஒரு செலவு. மளிகைக்கடை நடத்தியவர்களுக்கு இது உடனே புரியும்: சரக்கு அலமாரியில் உட்கார்ந்திருந்தால் அது சொத்தல்ல, முடங்கிய முதல்.

அடுத்து பயிற்சி. விளையாட்டின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு இதுதான் என்பேன். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு திறமையைத்தான் பயிற்றுவிக்கலாம். அந்தத் திறமைக்குரிய இடத்தில் ஆட்டத்தில் இறங்கியவனுக்குத்தான் பலன். நடுக்கள ஆட்டத்தைப் பயிற்றுவித்தால் ஓர் ஆட்டத்துக்கு உள் நடுக்கள வீரர்கள் மூன்று பேர், வாரத்துக்கு இரண்டு ஆட்டம், ஆக ஆறு பேருக்கு முழுப் பலன். கோல்கீப்பர் பயிற்சி என்றால் இரண்டே பேர். வயது ஏற ஏற முன்னேற்றம் மெதுவாகும், அதனால் இடத்தைப் பையன்களுக்குத்தான் தர வேண்டும். ஆனால் 17 வயதுப் பையனை லீக் ஆட்டத்தில் நடுவில் நிறுத்தினால் தோல்விதான். இன்று ஜெயிப்பதா, நாளைக்கு வளர்ப்பதா? நிஜக் கிளப்புகளின் பயிற்சியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வியை இரண்டே விதிகளில் கொண்டுவந்திருக்கிறார்கள். இதில் எனக்கு விமர்சனமே இல்லை.

சிக்கல் இதற்குப் பிறகு வருகிறது. வளர்ந்தவனை என்ன செய்வது?

விளையாட்டில் ஒரு வயது என்பது 112 நாள். 17 வயதில் வாங்கிய பையன் 21 ஆக நமக்கு 64 வாரம், ஏறக்குறைய ஒண்ணேகால் வருஷம். அவ்வளவு நாள் ஒரு பெயரையும், வாராவாரம் ஏறுகிறதா என்று பார்த்த ஓர் எண்ணையும் கூடவே வைத்திருப்போம். ஆனால் கணக்கு வேறு மாதிரி சொல்லும். சம்பளம் எகிறும் முன், வயது ஏறிச் சந்தை விலை சரியும் முன், ஒரு குறிப்பிட்ட வாரத்தில் அவனை விற்றாக வேண்டும். மூன்று நாள் ஏலம். கடைசி மூன்று நிமிடத்தில் யாராவது விலை ஏற்றினால் ஏலம் இன்னும் மூன்று நிமிடம் நீளும். பக்ரீத்துக்கு விற்க ஆட்டுக்குட்டி வளர்ப்பவர்கள் குட்டி வாங்கும் அன்றைக்கே விற்கும் நாளைக் கணக்குப் போட்டிருப்பார்கள் இல்லையா, அதே தர்க்கம். இதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் இதற்கு "இளைஞர் வளர்ச்சி" என்று பெயர் வைத்தால்தான் உறுத்துகிறது.

அகாடமி பக்கம் இன்னும் மோசம். வாரத்துக்கு ஒரு தடவை திறமை தேடுபவர் கூப்பிட்டு ஒரு பையனைப் பற்றி அரைகுறையாகச் சொல்வார். வேணும்னா எடு, வேண்டாம்னா விடு. விட்டவன் திரும்ப வரமாட்டான். எடுத்தவனிடம் எவ்வளவு திறமை இருக்கிறது, எதுவரை போவான் என்பது மறைக்கப்பட்டிருக்கும். பயிற்சியிலும் இளையோர் ஆட்டங்களிலும் துளித்துளியாக வெளிவரும். துப்பறியும் சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவனுடைய உச்ச வரம்பு அவன் வரும்போதே முடிவாகிவிட்டது. நாம் செய்வது உறையைப் பிரிப்பது மட்டும்தான். லாட்டரிச் சீட்டைச் சுரண்ட மூன்று மாதம் எடுத்துக்கொள்வதை வளர்ப்பது என்று சொல்ல முடியுமா? உருப்படமாட்டான் என்று தெரிந்தால் ஒரு பொத்தானில் அனுப்பிவிடலாம். அனுப்பப்பட்டவனுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு விளையாட்டில் இடமே கிடையாது. நிஜ அகாடமிகளில் பெரும்பாலான பையன்களின் கதையே அந்தக் கேள்விதான்.

இதை உருவாக்கியவர்களுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். பிற்பாடு ஒரு சலுகை சேர்த்தார்கள்: தாய்க் கிளப்பிலேயே ஆடுகிறவனுக்கு எல்லாத் திறமையிலும் அரைப் படி கூடுதல், விசுவாசத்துக்கு ஒரு படி வரை. மொத்தம் ஒன்றரைப் படி. நல்ல எண்ணம்தான், கணக்குதான் உதைக்கிறது. கீழ்ப் பிரிவுகளில் ஒன்றரைப் படி கூடுதல் திறமை சந்தையில் சல்லிசாகக் கிடைக்கும், அதற்காக யாரும் பையனைக் கட்டிக் காக்க வேண்டியதில்லை. மேல் பிரிவுகளில் அந்த ஒன்றரைப் படிக்குப் பெரிய விலை. ஆனால் அங்கே ஆடும் தரத்துக்கு ஒருவன் சொந்த அகாடமியிலிருந்து வருவது எப்போதோ ஒரு முறை. ஆக, சலுகை தேவைப்படும் இடத்தில் பையன் இல்லை, பையன் இருக்கும் இடத்தில் சலுகைக்கு மதிப்பில்லை.

"நிஜக் கால்பந்து இப்படியா இருக்கிறது, இது வெறும் சந்தை" என்று ஒருவர் சொல்லலாம். பத்து வருஷத்துக்கு முன் என்றால் ஒப்புக்கொண்டிருப்பேன். இங்கிலாந்து பிரீமியர் லீக்கைப் பாருங்கள். மூன்று ஆண்டுகளில் ஒரு கிளப்பின் நஷ்டம் அதிகபட்சம் 10.5 கோடி பவுண்டு என்று 2025-26 பருவம் வரை ஒரு விதி இருந்தது. வெளியிலிருந்து ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் வாங்கிய வீரனின் விலையைக் கணக்கில் ஐந்தாகப் பிரித்து எழுதுவார்கள், அதனால் விற்கும்போது மீதி மதிப்பைக் கழித்த பிறகுதான் லாபம். சொந்த அகாடமிப் பையனுக்கோ வாங்கிய விலையே கிடையாது. விற்ற தொகை முழுவதும் அந்த வருஷ லாபம். எனவே கணக்கு இடித்தால் முதலில் கண்ணில் படுகிறவன் வீட்டுப் பிள்ளைதான். செல்சி 2023-ல் மேசன் மவுன்ட்டையும் 2024-ல் கானர் கேலகரையும் விற்றது. நியூகாசில் 2024 கோடையில் எலியட் ஆண்டர்சனை விற்றது. மூவரும் சிறுவர்களாகவே அந்தந்தக் கிளப்பில் சேர்ந்தவர்கள். செலவைக் கட்டுப்படுத்த வந்த விதி, ரசிகர்கள் யாரைத் தங்களவன் என்று நினைக்கிறார்களோ அவனை விற்பதற்கே சாதகமாகிவிட்டது. ஹாட்ரிக் ஆடியவர்களுக்கு இதில் ஆச்சரியமே இருந்திருக்காது.

ஃபிஃபாவிடம் ஒரு மாற்று மருந்து இருக்கிறது. ஒப்பந்தம் முடியும் முன் ஒரு வீரன் வேறு நாட்டுக் கிளப்புக்கு விற்கப்பட்டால், தொகையில் 5% அவனை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்படும். ஹாட்ரிக்கிலும் தாய்க் கிளப்புக்கு இதுபோல ஒரு சிறு பங்கு உண்டு. இரண்டும் நியாயமானவையே. ஆனால் கவனியுங்கள், வளர்த்ததற்கான கூலி இரண்டிலும் விற்பனை நடந்தால்தான் வருகிறது. விற்காமல் வைத்திருந்தவனுக்கு எதுவும் இல்லை.

ஹாட்ரிக்கில் ஒரே ஓர் இடத்தில் இந்தக் கணக்கு தோற்பதைப் பார்க்கலாம்: இளையோர் தேசிய அணி. ஒவ்வொரு நாட்டு அணிக்கும் பயிற்சியாளரை ஆடுபவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த அணிக்கு ஆள் தேடுபவர்கள் ஊர்பேர் தெரியாத கிளப்புக்காரருக்கு எழுதுவார்கள்: உங்களிடம் இருக்கும் அந்தப் பையனுக்கு இன்னும் இத்தனை வாரம் இந்தப் பயிற்சி கொடுங்கள், இப்போது விற்க வேண்டாம். ஒப்புக்கொண்டால் நல்ல விலை கிடைக்கும் வாரம் தவறலாம், அணியின் மற்ற பயிற்சித் திட்டம் குலையும். கைக்குச் சல்லிக்காசு வராது. இருந்தும் செய்கிறார்கள். எங்கோ ஒரு தேசிய அணிப் பட்டியலில் தான் வளர்த்தவன் பெயர் வரும் என்பதற்காக, இல்லாத ஒரு பையனுக்காக, ஒரு பருவ லாபத்தை விடுகிறார்கள். விதிப்புத்தகத்தில் இப்படிச் செய்யச் சொல்லி ஒரு வரிகூடக் கிடையாது.