எஸ்தர் வில்லியம்ஸ்: ஒலிம்பிக்கை இழந்தவர் எதை ஜெயித்தார்?

போர் குறுக்கே வராமல் இருந்திருந்தால் ஒலிம்பிக் தங்கம் வென்றிருப்பார் என்று சில வீரர்களைப் பற்றிச் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் ஹாலிவுட் நடிகை எஸ்தர் வில்லியம்ஸ் பெயர் தவறாமல் வரும். இதைச் சொல்பவர்கள் யாரும் நேரக் கணக்கைப் புரட்டிப் பார்ப்பதில்லை. நாம் பார்ப்போம்.

1921-இல் கலிபோர்னியாவின் இங்கிள்வுட்டில் பிறந்தவர் எஸ்தர். ஊர்க் குளத்தில் துண்டுகளை எண்ணி அடுக்கிக் கொடுத்து, அதற்குக் கூலியாக நீந்தும் நேரத்தைப் பெற்ற சிறுமி. அன்று ஆண்களின் பாணி என்று கருதப்பட்ட பட்டர்ஃப்ளையை அங்கிருந்த உயிர்காப்பாளர்களே அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் அத்லெடிக் கிளப்பில் சேர்ந்தார். 1939 தேசியப் போட்டியில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 1 நிமிடம் 9 விநாடியில் முடித்துப் பட்டம் வென்றார். அடுத்த இலக்கு 1940 ஒலிம்பிக். டோக்கியோவில் நடப்பதாக இருந்த அந்தப் போட்டி ஹெல்சின்கிக்கு மாறியது. உலகப் போரால் அங்கும் நடக்கவில்லை.

இனி கணக்குக்கு வருவோம். 1936 பெர்லினில் இதே 100 மீட்டரில் நெதர்லாந்தின் ரீ மாஸ்டன்புரூக் தங்கம் வென்ற நேரம் 65.9 விநாடி. போருக்குப் பின் 1948 லண்டனில் டென்மார்க்கின் கிரெட்டா ஆண்டர்சன் வென்றது 66.3 விநாடியில். எஸ்தரின் 69 விநாடியை இவற்றின் பக்கத்தில் வைத்தால் சுமார் மூன்று விநாடி இடிக்கிறது. நீச்சல் குளத்தில் அது நான்கு மீட்டருக்கும் மேற்பட்ட இடைவெளி. இளம் வயது, முன்னேற வாய்ப்பு இருந்தது என்று வாதாடலாம். ஆனாலும் தங்கம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது என்று சொல்ல நேரக் கணக்கு இடம் தரவில்லை.

அப்படியானால் அவரை ஏன் இன்னும் பேசுகிறோம்? அவருடைய பெரிய ஆட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

ஒலிம்பிக் கனவு கலைந்ததும் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போனார். 1940-இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் பில்லி ரோஸ் நடத்திய ‘அக்வாகேட்’ நீர் நிகழ்ச்சிக்கு ஆள் தேடினார்கள். ஐந்து ஒலிம்பிக் தங்கம் வென்றவரும் திரையில் டார்ஜானாக நடித்தவருமான ஜானி வெய்ஸ்முல்லருக்கு ஜோடியாக எஸ்தர் இறங்கினார். வேகம் வேண்டாம், அழகாக நீந்து என்று ரோஸ் கேட்டாராம். வேகமாக நீந்தத் தெம்பு இல்லாதவருக்கு அழகாக நீந்தவும் தெம்பு இருக்காது என்று எஸ்தர் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. அந்தப் பதிலில் முழு உடலியல் பாடமே இருக்கிறது.

பந்தய ஃப்ரீஸ்டைலில் முகம் தண்ணீருக்குள் இருக்கும். உடல் ஒரே கோடாகக் கிடைமட்டமாக நீளும், அதனால் நீரின் எதிர்ப்பு குறையும். எஸ்தரோ கேமராவுக்காகத் தலையையும் தோளையும் வெளியே தூக்கியபடி நீந்த வேண்டும். தலை தூக்கினால் இடுப்பு அமிழும், எதிர்ப்பு கூடும். அதை ஈடுகட்டக் கால்கள் இரட்டிப்பாக உழைக்க வேண்டும். முகத்தில் மட்டும் சிரிப்பு மாறக்கூடாது. நீருக்கடியில் நீச்சல் கண்ணாடி கிடையாது. கண்ணைத் திறந்து, மூச்சை அடக்கி, இசைக்குத் தக்கபடி திரும்ப வேண்டும். டேக் சரியில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. போட்டியில் ஒரு நிமிடம் நீந்திய உடம்பு, படப்பிடிப்பில் நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தது.

எம்ஜிஎம் பட நிறுவனம் அவரை 1941-இல் ஒப்பந்தம் செய்தது. காரணம் வியாபாரப் போட்டி. மூன்று முறை ஒலிம்பிக் சாம்பியனான பனிச்சறுக்கு நடன வீராங்கனை சோனியா ஹெனியை வைத்து ஃபாக்ஸ் நிறுவனம் வசூலை அள்ளிக்கொண்டிருந்தது. ஹெனியும் வெய்ஸ்முல்லரும் பதக்கங்களோடு சினிமாவுக்கு வந்தவர்கள். எஸ்தர் வந்தது வெறுங்கையோடு. 1944-இல் வெளியான ‘பேதிங் பியூட்டி’ அவரை நட்சத்திரமாக்கியது. எம்ஜிஎம்மின் 30-ஆம் எண் ஸ்டேஜில் மேடையை ஏற்றி இறக்கும் வசதியோடு ஒரு குளமே இருந்தது. தொடர்ந்து ‘நெப்டியூன்ஸ் டாட்டர்’, ‘டேஞ்சரஸ் வென் வெட்’, ‘ஈஸி டு லவ்’ என்று வரிசையாகப் படங்கள் வந்தன. ஆங்கிலக் கால்வாயை நீந்துவது, டாம் அண்ட் ஜெர்ரியுடன் நீந்துவது, புளோரிடாவில் நீர்ச்சறுக்கு விளையாடுவது என்று ஒவ்வொன்றிலும் புதிய சவால்.

உச்சம் 1952-இல் வந்த ‘மில்லியன் டாலர் மெர்மெய்ட்’. ஆஸ்திரேலிய நீச்சல் வீராங்கனை அனெட் கெல்லர்மனின் வாழ்க்கைக் கதை. நீர்க் காட்சிகளை வடிவமைத்தவர் பஸ்பி பெர்க்லி. மிக உயரத்திலிருந்து தலையில் உலோகக் கிரீடத்தோடு எஸ்தர் பாய்ந்தார். தலை நீரைத் தொட்ட வேகத்தில் கிரீடம் கழுத்தைப் பின்னுக்கு இழுத்தது. கழுத்தெலும்புகள் முறிந்து பல மாதம் மாவுக்கட்டில் கிடந்தார். செவிப்பறையும் பல முறை கிழிந்திருக்கிறது. எந்த விளையாட்டு வீரருக்கும் குறையாத காயப் பட்டியல் இது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எதற்கும் துணிந்தவர் அல்ல. ‘ஈஸி டு லவ்’ படப்பிடிப்பின்போது கர்ப்பமாக இருந்ததால், ஹெலிகாப்டரிலிருந்து குதிக்கும் காட்சியை மறுத்துவிட்டார்.

பலவீனத்தையும் சொல்ல வேண்டும். தண்ணீருக்கு வெளியே அவர் சாதாரண நடிகைதான். ஹாலிவுட்டே இதைக் கேலி செய்தது. கதை எப்படித் தொடங்கினாலும் கடைசியில் குளத்தில் போய் முடிய வேண்டும் என்பது எம்ஜிஎம் போட்ட விதி. ஒரே ஷாட்டை நம்பி ஆடும் பேட்ஸ்மேனுக்கு நேர்வது அவருக்கும் நேர்ந்தது. தொலைக்காட்சி வந்து பிரம்மாண்ட இசைப்படங்களின் காலம் சரிந்தது. 1955-இல் ‘ஜூபிடர்ஸ் டார்லிங்’ நஷ்டப்பட, எம்ஜிஎம்மை விட்டு விலகினார். அடுத்த ஆண்டே ‘தி அன்கார்டட் மொமெண்ட்’ படத்தில் நீச்சல் இல்லாத வேடத்தை முயன்று பார்த்தார். ரசிகர்கள் அவரை அப்படி ஏற்கவில்லை. ஆனால் அவருக்கு வியாபாரப் புத்தி இருந்தது. நீச்சலுடைக்கும் வீட்டு நீச்சல் குளத்துக்கும் தன் பெயரையே பிராண்டாக்கி விற்றார்.

படங்களில் அவர் செய்த, இசைக்குத் தக்கபடி நீந்தும் ஒத்திசைவு நீச்சலை அவர் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன்பே சிகாகோவில் கேதரின் கர்ட்டிஸ் அதற்கு அடித்தளம் போட்டுவிட்டார். அதைக் கோடிக்கணக்கானோரைப் பார்க்க வைத்தவை எஸ்தரின் படங்கள். 1966-இல் சர்வதேச நீச்சல் புகழரங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அந்த விளையாட்டு முதன்முறையாக ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியானது. டிரேசி ரூயிஸ் தனிநபர், இரட்டையர் இரண்டிலும் தங்கம் வென்றார். ஏபிசி தொலைக்காட்சிக்காக எஸ்தர் வர்ணனை செய்தார். வீராங்கனையாக நுழைய முடியாத ஒலிம்பிக்குக்குள் அவர் போன வழி இது. 2013-இல் 91 வயதில் மறைந்தார்.

என் தீர்ப்பு இது: ஃப்ரீஸ்டைல் வீராங்கனையாக அமெரிக்காவில் முதல் வரிசை, உலக அளவில் இரண்டாம் வரிசை. நீரில் நிகழ்த்துபவராக அவருக்கு இணை யாரும் இல்லை. 2028-இல் ஒலிம்பிக் மறுபடி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வருகிறது. கலை நீச்சல் என்று இன்று அழைக்கப்படும் அந்தப் போட்டி திரையில் வரும்போது சேனலை மாற்றாதீர்கள். வீராங்கனைகளின் சிரிப்பை விட்டுவிட்டு, தண்ணீருக்குள் அவர்களின் கால்கள் படும் பாட்டைக் கவனியுங்கள்.