ஓய்வு நாளில் இறங்கும் கோடு

சைக்கிள் பயிற்சிச் செயலிகளில் 'ஃபிட்னஸ்' என்று ஒரு கோடு வரும். ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கிற உச்ச வேகத்தில் ஓட்டினால் 100 புள்ளி. அந்தப் புள்ளிகளின் 42 நாள் சராசரி, அண்மை நாட்களுக்குக் கூடுதல் எடை. 1975இல் பானிஸ்டர் குழு வைத்த மாதிரியிலிருந்து வந்தது. கணக்கு சரி, பேர்லதான் வில்லங்கம். அது அளப்பது சுமையை.

கோடு 70இல் இருக்கும்போது ஒருநாள் வண்டியை எடுக்கலேன்னா 1.7 குறையும். அதைப் பார்த்துப் பதறி, கால் கெஞ்சினாலும் மறுநாள் கிளம்பிடுறாங்க. குறைந்தது சராசரி மட்டுந்தானே! (பக்கத்திலேயே 7 நாள் சோர்வுக் கோடும் சுமார் 10 புள்ளி இறங்கியிருக்கும். அதை யார் பார்க்கிறா?)

ஹிக்சன், ரோசென்கோட்டர் 1981இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. சைக்கிளும் ஓட்டமுமாக வாரம் 6 நாள், 10 வாரம் கடும் பயிற்சி. பிறகு சிலருக்கு 4 நாள், சிலருக்கு 2 நாள்தான். தீவிரத்தையும் நேரத்தையும் குறைக்கவில்லை. 15 வாரம் கழித்தும் உச்ச ஆக்சிஜன் அளவு இரு குழுவுக்கும் இறங்கவில்லை. 2 நாள் குழுவுக்கு நம்ம செயலிக் கோட்டைப் போட்டால் பாதிக்கும் கீழே போயிருக்கும்! ஆய்வு சொன்னது தக்கவைப்பதைப் பற்றி, கூட்டுவதைப் பற்றி அல்ல, அதையும் மறக்கக்கூடாது.

இன்னொன்று. தினமும் 70 வீதம் ஓட்டினாலும், வாரத்தின் 490ஐ மூன்றே நாளில் முடித்தாலும் கோடு ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். ஒருத்தருக்கு ஏழும் மிதமான சவாரி, மற்றவருக்கு மூன்று முரட்டு நாள், நான்கு ஓய்வு. ரெண்டு பேர் காலும் ஒண்ணா?