பழைய தூத்துக்குடி: சில புகைப்படங்கள்

பழைய ஊர்ப் படங்களைத் தேடிச் சேர்த்து ஆல்பமாகப் போடுவதே இப்போது சரித்திரம் எழுதுவதாக ஆகிவிட்டது. தூத்துக்குடிக்கும் அது நேர்ந்திருக்கிறது. அப்படியொரு ஆல்பத்துக்காகச் சேர்த்த நகல்களை நண்பர் ஒருவர் வள்ளியூரில் என்னிடம் விட்டுப்போனார். பனிமய மாதா கோயில், மில்லின் புகைபோக்கி, பஞ்சுப் பொதிகள், நீராவிப் படகு, கடற்கரைச் சாலை. பார்க்கப் பார்க்க ஒரு கிறக்கம் உண்டாவதை மறைப்பதற்கில்லை. எனக்குச் சந்தேகம் அந்தக் கிறக்கத்தின் மீதுதான்.

1876ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. 1914ல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி ஏற்படும்வரை, சென்னையிலிருந்து ரயிலில் வந்தவர்கள் கொழும்புக்குக் கப்பலேறியது இங்கேதான். கரையோரம் ஆழமில்லை. கப்பல் சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும்; சிறு படகில் போய் ஏறவேண்டும். ஆகவே காத்திருக்க வேண்டும். இந்தக் கட்டில் இருப்பவை பெரும்பாலும் அந்தக் காத்திருக்கிறவனின் பார்வை. கரையை ஒட்டிய கட்டிடங்களெல்லாம் துலக்கமாக இருக்கின்றன. தெருவுக்குள் ஒரு படமும் நுழையவில்லை. 1906ல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு, எல்லோருக்கும் தெரிந்த வ.உ.சி. படம் ஒன்றோடு சரி. 1908 கோரல் மில் வேலைநிறுத்தத்துக்கு அதுவும் இல்லை. புகைபோக்கி இருக்கிறது, வேலையை நிறுத்திய கைகள் இல்லை. எடுத்தவனைக் குற்றம் சொல்லமாட்டேன். அவன் தனக்கு வேண்டியதை எடுத்தான். அவனுடைய கண்ணை நம்முடைய ஞாபகமாகச் சுவீகரித்துக்கொள்கிறோமே, அதுதான் பிரச்னை.

ஒரு படத்தில் மட்டும் மனிதர்கள் அருகில் வருகிறார்கள். ஒரு வள்ளம், அதில் கோவணத்தோடு நிற்கும் குளியாட்கள். கீழே ஆங்கிலத்தில், 'முத்துக் குளிப்போர், தூத்துக்குடி.' பெயர் கிடையாது. மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்து, ஏழு தொகுதிகளில் 1909ல் ஜாதிகளை வரிசைப்படுத்தி வெளியிட்ட தர்ஸ்டனுடைய காலம் அது. அந்த வரிசையில் ஆள் கிடையாது, மாதிரிதான் உண்டு. இந்தத் தலைப்பும் அதே ரகம்.

தவிர, இந்தப் படத்தில் முத்துக்குளிப்பே இல்லை. காலைக் கல்லில் வைத்து ஏழெட்டுப் பாகம் இறங்கி, ஒரு நிமிஷம்போல மூச்சடக்கிச் சிப்பி அள்ளுவது தண்ணீருக்குள். 1893ல் பிரான்ஸில் லூயி பூத்தான் கடலுக்கடியில் படமெடுத்துவிட்டார் என்றாலும், இந்தக் கட்டு நீர்மட்டத்தோடு நின்றுவிடுகிறது. முத்தெடுக்கச் சிப்பியை அழுகவிடுவார்கள். அந்த நாற்றமும் ஈயும் எந்தப் படத்திலும் விழாது. 1961க்குப் பிறகு அங்கே சலாபமும் நடக்கவில்லை. நமக்கு மிஞ்சியிருப்பது, இறங்குவதற்கு முன்னால் நிற்கிறவர்களின் படம் மட்டும்.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) தூத்துக்குடியைப் பற்றியதல்ல, மணப்பாட்டைக் களமாகக் கொண்டது. ஆனாலும் வல்லத்தை விற்கச் சொல்லும் மகனையும், விற்க மனம் வராத குரூஸ் மிக்கேலையும் படித்தவனுக்கு, வல்லம் என்பது மிதக்கிற மரம் மட்டுமல்ல என்று தெரியும். அதற்குள் ஒரு குடும்பமே இருக்கிறது. அதைப் படித்திருந்தும் நான் இந்தப் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

வேறு காரியமாக வந்திருந்த உவரிப் பெரியவர் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். முன்னால் நின்ற குளியாட்களை அவர் சட்டை பண்ணவில்லை. விரலை ஓரத்துக்குக் கொண்டுபோனார்.

"கயித்தப் பிடிச்சிட்டு நிக்கது யாரு தம்பி, இவன் மச்சானா?"

பாதி வெட்டுப்பட்டு, ஒரு முழங்கையும் கயிறுமாக ஒருவன் அங்கே இருந்தான். இரண்டு நாளாக என் கண்ணில் படாதவன். குளிக்கப் போகிறவன் கயிற்றைப் பெண்டாட்டியின் சகோதரன் கையில்தான் கொடுப்பான் என்று சொல்வார்கள். தங்கச்சி தாலி அறுக்க எந்த அண்ணன் விடுவான்? பெரியவர் இதை விளக்கவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அடுத்தது கலங்கரை விளக்கம். அதில் அவருக்குப் பார்க்க ஒன்றுமில்லை.

நண்பரிடம் சொன்னேன். ஆல்பத்தில் அந்த ஓரம் வராதாம். பக்க அளவுக்குப் படம் அடங்கவில்லை, குளியாட்களை மட்டும் வைத்து வெட்டிவிட்டார்களாம். வெட்டாமல் போடச் சொல்லி எழுதியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.