பபூனைப் படம்பிடிப்பது

கரிசலில் அறுப்பு முடிந்து பங்குனி, சித்திரையில் அம்மன் கோயில் பொங்கல் சாட்டும்போது, கோவில்பட்டி சுற்றுவட்டாரத்தில் இன்றும் ‘வள்ளி திருமணம்’ நாடகம் போடுகிறார்கள். கதாநாயகன், கதாநாயகி வேடங்களான ராஜபார்ட், ஸ்திரீபார்ட் வருமுன் மேடைக்கு வருபவர் பபூன் என்னும் கோமாளி. வேடதாரிகளுக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பாட்டும் வசனமும் எழுதி வைத்துவிட்டுப் போனார். பபூனின் பேச்சோ பெரும்பாலும் ஏட்டில் ஏறாதது. பார்த்துப் பழகி, ஊருக்கு ஊர் மாற்றி, அன்றைய கூட்டத்தை எடைபோட்டுப் பேசுவது. ஆகவே இப்போது யூடியூபில் குவியும் வீடியோக்கள் இக்கலைக்குக் கிடைத்திருக்கும் முக்கியமான ஆவணம். புதிதாகத் தொழிலுக்கு வருபவருக்கு அவை பாடம். நாடகம் பேசவரும் விழாக் கமிட்டிக்கு அறிமுகம். இந்தப் பயனைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் எடுக்கப்படும் முறை அந்தக் கலையின் உயிர்நாடியையே விட்டுவிடுகிறது என்பது என் முடிவு.

‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்படும் இந்த நாடகங்களின் கலைஞர்களிடையே ஆய்வு செய்து 2005இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் சூசன் சீசர், நுட்பமான ஒன்றைக் கவனித்தார். பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் முன் கொச்சையான சங்கதியைச் சொல்ல வேண்டி வந்தால், பபூன் பக்கவாட்டில் திரும்பி மிருதங்கக்காரரிடம் அதைச் சொல்கிறார். ஆண்கள் இருவர் தமக்குள் பேசுவதைச் சபை ஒட்டுக்கேட்பதுபோல் ஆகிறது. கலைஞரின் மானமும் சபையின் மரியாதையும் சேதமில்லாமல் தப்புகின்றன. நகைச்சுவை இங்கே சொல்லில் மட்டும் இல்லை; திரும்பும் உடம்பிலும் நிற்கும் இடத்திலும் இருக்கிறது. கேமரா பபூனின் முகத்தை நெருங்கியதும் மிருதங்கக்காரர் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறார். ஒட்டுக்கேட்ட பேச்சு, நேரே நம் முகத்தில் வீசிய பேச்சாகிறது. பிறகு அதையே காட்டி, ‘பாருங்கள், எவ்வளவு ஆபாசம்’ என்கிறார்கள்! அந்த ஆபாசத்தில் பாதி கேமரா செய்தது.

கோமாளியைத் திரை அற்புதமாகக் காட்டியதில்லையா என்று கேட்கலாம். காட்டியிருக்கிறது. 1928இல் வந்த ‘தி சர்க்கஸ்’ படத்தில் சாப்ளின் சிங்கக் கூண்டுக்குள் மாட்டிக்கொள்ளும் இடமும், 1989இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழக் காட்சியும் போதும். ஆனால் அவை கேமராவுக்காகவே கட்டப்பட்டவை. வாழைப்பழக் காட்சியில் கவுண்டமணியும் செந்திலும் பேசும்போது எதிரே ஊர்ச்சனம் இல்லை. சிரிப்பு அடங்கட்டும் என்று அவர்கள் காத்து நிற்க வேண்டியதில்லை. மேடைப் பபூனுக்கோ அந்தக் காத்திருப்பே பாதி வித்தை. கூட்டம் தூங்கி வழிந்தால் கதையைச் சுருக்குவார், சிரிப்பு ஏறினால் இன்னும் இழுப்பார். எடிட்டிங்கில் முதலில் கத்திரி விழுவது இந்த மௌனங்களில்தான்.

இரவெல்லாம் நடக்கும் நாடகத்திலிருந்து சில நிமிடத் துண்டை வெட்டிப் போடுவதில் இன்னொரு அநியாயமும் உண்டு. பபூனோடு ஜோடியாக ஆடும் பெண் கலைஞர், அடுத்து வரும் காட்சிகளிலிருந்து பிரிக்கப்பட்டு, யார் யாரோ கைபேசியில் ஏளனம் செய்யும் பொருளாகிறார். அவர் ஒப்புக்கொண்டது அந்த ஊர்ச்சபையின் முன் ஆடுவதற்கு. வீடியோவுக்குத் தனியாகச் சம்மதம் கேட்பதும் தனியாகச் சம்பளம் பேசுவதும் கமிட்டியின் கடமையாக வேண்டும்.

நல்ல பதிவுக்குப் பெரிய செலவு ஆகாது. ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு வாசிப்பவர்கள், முன்வரிசைத் தலைகள் எல்லாம் தெரியும் தூரத்தில் அசையாத ஒரு கேமரா வேண்டும். வெட்டாமல் விடியும்வரை ஓட வேண்டும். கூட்டத்தைப் பார்த்து இன்னொரு மைக்கும் வைக்க வேண்டும். எந்த இடத்தில் சிரித்தார்கள், எந்த இடத்தில் சிரிக்கவில்லை என்பது அதில்தான் பதிவாகும்.