முனகும் ஸ்டீயரிங்

பவர் ஸ்டீயரிங் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடும் மெக்கானிக்குகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பானெட்டைத் திறந்ததும் ஸ்பேனரைத் தேடமாட்டார்கள். “நல்லா ஒடிங்க சார்” என்பார்கள். கடைசிவரை ஒடிக்கும்போது ‘கீச்’ என்று அலறினால் பெரும்பாலும் பெல்ட் வழுக்குகிறது. அந்தக் கோடியில் மட்டும் லேசாக ‘உஸ்’ என்றால் பயமில்லை, ரிலீஃப் வால்வு திறந்து அழுத்தத்தைக் குறைக்கிறது. (அதற்காக அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் பம்ப் சூடாகிவிடும்.)

ருசியான கேஸ் இன்னொன்று: ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் முனகல். உடனே ‘பம்ப் போச்சு’ என்று செலவு வைப்பவர்கள் உண்டு. விஷயம் தெரிந்தவர் முதலில் ஆயில் டப்பாவின் மூடியைத் திறப்பார். அளவு சரியாக இருந்தும் ஆயில் ஃபில்டர் காபி மாதிரி நுரைத்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், தரையில் ஒரு சொட்டுகூட ஒழுகியிருக்காது. டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸ் உறிஞ்சும் பக்கம். அங்கே கிளாம்ப் தளர்ந்தால் ஆயில் வெளியே வராமலே காற்று உள்ளே போகும். கிளாம்பை முறுக்கி, முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் மெதுவாகத் திருப்பத் திருப்ப, டப்பாவில் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வரும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

1951-இல் கிறைஸ்லர் இம்பீரியலில் விற்பனைக்கு வந்த இந்த ஆயில் ஏற்பாடு, இப்போது கார்களில் மின்மோட்டாருக்கு இடம்விட்டுவிட்டது. கோளாறென்றால் டேஷ்போர்டில் விளக்கு எரியும், ஸ்கேனரைச் செருகினால் கோட் வரும். வசதிதான். லாரியிலும் பஸ்ஸிலும் பெரும்பாலும் இன்னும் ஆயில்தான். அந்தக் காதுகளுக்கு அங்கே வேலை இருக்கிறது.