லே ஏற்றமும் ஆல்சி ஓவியங்களும்

நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கின் நேரப் பட்டியலை ஒருமுறையாவது எடுத்துப் பார்க்க வேண்டும். 10,000 மீட்டரில் அப்போது உலக சாதனை ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க்கிடம் இருந்தது: 27 நிமிடம் 39 விநாடி. மெக்சிகோவில் தங்கம் வென்ற கென்யாவின் நஃப்தாலி டெமுவுக்கு 29 நிமிடம் 27 விநாடி பிடித்தது. கிளார்க் ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் விழுந்தார். ஆக்சிஜன் கொடுத்துத்தான் அவரைத் தேற்றினார்கள். மாரத்தானில் தங்கம் வென்ற எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே 2 மணி 20 நிமிடம் 26 விநாடியில் முடித்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் டோக்கியோவில் அதே நாட்டின் அபெபே பிகிலா 2:12:11இல் முடித்த தூரம் அது. மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியும் ஏறக்குறைய அதே உயரம்தான்.

லே அதற்கும் மேலே இன்னொரு 1,200 மீட்டர் போக வேண்டிய ஊர்.

சுமார் 3,500 மீட்டர் உயரத்தில், ஒவ்வொரு செப்டம்பரிலும் லடாக் மாரத்தான் நடக்கிறது. 2012இல் இதைத் தொடங்கிய செவாங் மோட்டுப் கோபா மலையேற்றப் பயணங்களை நடத்திப் பழகியவர். இன்று 42 கிலோமீட்டரோடு ஹாஃப் மாரத்தானும், கர்துங் லா கணவாயைக் கடக்கும் 72 கிலோமீட்டர் ஓட்டமும், நுப்ரா பள்ளத்தாக்கில் தொடங்கும் 122 கிலோமீட்டர் ஓட்டமும் அதில் சேர்ந்திருக்கின்றன. சென்னை, கோவை, பெங்களூர் ஓட்டக் குழுக்களிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். போகிறவர்களில் பலர் போடும் திட்டம் ஒரே அச்சு: வெள்ளிக்கிழமை விமானத்தில் இறங்குவது, ஞாயிற்றுக்கிழமை ஓடுவது, பிறகு நான்கு நாள் ஊர் சுற்றுவது. ‘முதலில் ஓட்டம், பிறகு சுற்றுலா’ என்ற இந்த வரிசைதான் லேயில் அவர்களைக் கவிழ்க்கிறது. மலையில் சுற்றிப் பார்ப்பதுதான் கடைசிக்கட்டப் பயிற்சி. அது ஓட்டத்துக்கு முன்னால் வர வேண்டும்.

பாதையின் அமைப்பே இதைச் சொல்லிவிடும். லேயிலிருந்து கிளம்பும் மாரத்தான் சிந்து நதியை நோக்கிக் கீழே இறங்குகிறது. ஆற்றங்கரையையும் பாப்ளர் மரங்களையும் அறுவடைக்கால பார்லி வயல்களையும் கடந்து, கடைசியில் மறுபடி லேவுக்கு ஏற வேண்டும். இறக்கத்தில் எல்லோருக்கும் கால் நன்றாகவே போகும். சென்னையில் 4 மணி நேரத்தில் முடிப்பவர், முதல் பத்து கிலோமீட்டர் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துவிட்டு இங்கேயும் அதே கணக்கு நடக்கும் என்று நம்பிவிடுவார். சம்பளத்தை மாத முதல் வாரத்திலேயே செலவழித்துவிட்ட வீட்டின் நிலைதான் பிறகு அவருக்கு. ஏற்றம் வரும்போது கையில் எதுவும் மிஞ்சியிருக்காது.

காரணம் காற்றழுத்தம். 3,500 மீட்டரில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. ஆனால் அதை நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் தள்ளும் அழுத்தம் குறைந்துவிடுகிறது. உடலால் அதிகபட்சமாகப் பயன்படுத்த முடிகிற ஆக்சிஜன், நன்றாகப் பயிற்சி பெற்றவருக்கும் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். அழுத்தமாக ஓடினால் இந்த இழப்பை வென்றுவிடலாம் என்பவர்களுக்குக் கிளார்க்கின் கதியே பதில்.

இறங்கிய நாளிலிருந்து உடல் என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால் நாள்களின் மதிப்பு விளங்கும். முதல் சில மணி நேரத்திலேயே மூச்சின் வேகம் கூடுகிறது. கூடுதலாக மூச்சு விடும்போது கரியமில வாயு அதிகம் வெளியேறி, ரத்தம் காரத்தன்மைப் பக்கம் சாய்கிறது. அதைச் சரிசெய்யச் சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றுகிறது. அது முடியும்வரை மூச்சு முழு அளவுக்கு உயராது. முடியச் சில நாள்கள் பிடிக்கும். முதல் இரண்டு இரவுகளில் தூக்கம் கலைவதும், அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் இந்த வேலையின் அறிகுறிகள். சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோன் உடனே சுரக்கத் தொடங்கினாலும் பலன் தெரிய வாரக்கணக்காகும். ஆகவே பத்து நாளில் ‘ரத்தம் கூடிவிடும்’ என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. அந்தப் பத்து நாளில் கிடைப்பது சீரான மூச்சு, ஆழ்ந்த தூக்கம், தலைவலி இல்லாத காலை. லேயில் மாரத்தானை முடிக்க இவையே போதும். வெள்ளிக்கிழமை இறங்கி ஞாயிற்றுக்கிழமை ஓடுபவர் இந்த மாற்றம் பாதியில் இருக்கும்போதே, அதுவும் மலைநோய் தாக்க வாய்ப்புள்ள நாள்களில், 42 கிலோமீட்டரைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கும் நிலைக்கு அது முற்றினால் உயிருக்கே ஆபத்து.

சரி, அந்த நாள்களை எங்கே கழிப்பது? லடாக்கின் பண்பாட்டு வரைபடம் இதற்காகவே வரைந்ததுபோல் அமைந்திருக்கிறது. ஸ்ரீநகரிலிருந்து சாலை வழியாக வருபவர் 1,585 மீட்டரில் தொடங்குகிறார். சோஜி லா கணவாயைக் கடந்து கார்கிலில் இரவு தங்கினால் உயரம் சுமார் 2,700 மீட்டர். மறுநாள் முல்பெக்கில் சாலையோரப் பாறையில் செதுக்கிய மைத்ரேயர் நிற்கிறார். பிறகு 4,108 மீட்டர் உயர ஃபோட்டு லா. அதைத் தாண்டி, மஞ்சள் களிமண் குன்றுகளுக்கு நடுவே லாமாயுரு கோம்பா என்ற பௌத்த மடாலயம். அன்று இரவு ஆல்சிக்கு இறங்கிவிட்டால் படுக்கை மறுபடி 3,100 மீட்டரில். பகலில் உயரே போய் இரவில் தாழ்வில் தூங்கு என்று மலையேறிகள் சொல்லும் முறை இதுதான். இந்தச் சாலையில் அது தானாகவே நடந்துவிடுகிறது. மணாலி வழியைத் தேர்ந்தவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அந்த வழியில் பலரும் தங்கும் சர்ச்சு, 4,200 மீட்டருக்கும் மேலே, லேயைவிட உயரத்தில் இருக்கிறது. முதல் இரவே அங்கே என்றால் தலைவலி நிச்சயம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆல்சியில் ஒரு நாள் முழுவதையும் செலவிடலாம். அங்குள்ள சும்சேக் என்ற மூன்றடுக்குக் கோயில் வெளியிலிருந்து எளிய மண் கட்டடமாகத் தெரியும். உள்ளே அவலோகிதேஸ்வரர், மைத்ரேயர், மஞ்சுஸ்ரீ ஆகிய மூன்று போதிசத்துவர் சிலைகளும் மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு நிற்கின்றன. அவலோகிதேஸ்வரர் உடுத்தியிருக்கும் வேட்டியில் கோயில்களும் அரண்மனைகளும் குதிரை வீரர்களும் நுணுக்கமாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. காஷ்மீர ஓவியர்களின் கைவண்ணம் அது. காஷ்மீரத்திலேயே அந்தக் காலத்துச் சுவரோவியங்கள் அநேகமாக அழிந்துவிட்ட நிலையில், ஏறத்தாழ எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளாக இந்தச் சுவர்களில்தான் அந்த மரபு உயிரோடு இருக்கிறது. கண் இருட்டுக்குப் பழக நேரமாகும். அவசரமாக நுழைந்து வெளியேறுபவருக்கு எதுவும் தெரியாது. மெல்ல நடந்து, நின்று, உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடம். மூன்றாவது நாள் உடலுக்கும் அதே வேகம்தான் தேவை.

விமானத்தில்தான் வர முடியும் என்றாலும் வழி இருக்கிறது. முதல் இரண்டு நாள் லே கடைத்தெருவைத் தாண்டாமல் ஓய்வு. மூன்றாம் நாள், 17ஆம் நூற்றாண்டில் செங்கே நம்கியால் காலத்தில் எழுந்த ஒன்பது மாடி லே அரண்மனைக்கு ஏறலாம். அடுத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் கொண்ட சாந்தி ஸ்தூபம், ஷே, 15 மீட்டர் மைத்ரேயர் சிலை இருக்கும் திக்ஸே ஆகிய கோம்பாக்கள். கோம்பாப் படிகள் நல்ல பரிசோதனைச் சாலை. கூட வருபவரோடு பேசிக்கொண்டே நிற்காமல் ஏற முடிகிறதா, மேலே போனதும் தலை வலிக்கிறதா என்று கவனித்தால் போதும். கைக்கடிகாரம் காட்டும் எந்த எண்ணையும்விட அது நம்பகமானது. பேச முடியாதவர் மறுநாள் பயிற்சி ஓட்டத்தை விட்டுவிட வேண்டும்.

எல்லா இடமும் இப்படி உதவாது. பாங்காங் ஏரிக்குப் போகச் சாங் லாவைக் கடக்க வேண்டும். அது 5,300 மீட்டருக்கும் மேல். ஏரிக்கரையே 4,200 மீட்டரைத் தாண்டுகிறது. ஓட்டத்துக்கு முந்தைய வாரத்தில் அங்கே ஒரு குளிர் இரவைக் கழிப்பவர், சேர்த்துவைத்த தூக்கத்தை இழந்து திரும்புவார். பாங்காங்கும் நுப்ராவும் ஓட்டம் முடிந்தபின் பார்க்க வேண்டியவை. 72 கிலோமீட்டர் ஓடுகிறவர்கள் இதற்கு விதிவிலக்கு. அவர்கள் கர்துங் கிராமத்திலிருந்து, சுமார் 4,000 மீட்டரிலிருந்து, விடியலுக்கு முந்தைய இருட்டில் கிளம்பி, 5,359 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டி லேவுக்கு இறங்க வேண்டும். அந்த உயரத்தை உடல் முன்பே அறிந்திருந்தால்தான் முடியும். அதனால்தான் அமைப்பாளர்கள் அவர்களைப் பல நாள் முன்னதாகவே லே வந்து சேரும்படி வற்புறுத்துகிறார்கள். 42 கிலோமீட்டர்காரர்களிடமும் அதே கண்டிப்பு இருந்தால் நல்லது.

சமவெளிக்காரர் தவறவிடும் இன்னொன்று வியர்வை. சென்னை ஓட்டக்காரருக்கு எவ்வளவு நீர் இழந்தோம் என்பதைச் சொல்வது நனைந்த பனியன். லேயின் வறண்ட காற்றில் வியர்வை தோலில் நிற்பதே இல்லை. மூச்சோடும் நீர் போகிறது. தாகம் தெரியும் முன்பே குடிக்கப் பழக வேண்டும். சாப்பாட்டுக்கு உள்ளூர் வழியே சிறந்தது. கோதுமை மாவில் காய்கறி சேர்த்து வேகவைக்கும் ஸ்கியூ, துக்பா, கம்பிர் ரொட்டி எல்லாமே மாவுச்சத்து மிகுந்தவை. உயரத்தில் பசி மந்தமாகும் நாள்களில் சூடான இவை எளிதாக இறங்கும்.

உள்ளூர்க்காரர்களுக்கு உயரத்துக்குப் பழகும் இந்தக் கணக்கு தலைகீழ். ஆண்கள் பிரிவில் லடாக் ஸ்கவுட்ஸ் படைவீரர்கள் தொடர்ந்து முன்னணியில் இருக்கிறார்கள். பெண்களில் ஜிக்மெட் டோல்மா, செட்டன் டோல்கர் இருவரின் பெயர்களும் இந்திய மாரத்தான் வட்டத்துக்கு அறிமுகமானவை. டோல்மா 2017இலும் 2019இலும் மும்பை மாரத்தானில் இந்தியப் பெண்கள் பிரிவில் மூன்றாவதாக வந்தார். உறைபனி ஜனவரியிலிருந்து இறங்கி மும்பையின் ஈரப்பதத்தில் ஓடி எடுத்த இடங்கள் அவை. கீழே வரும் அவர்களுக்கும் உடல் பழக நாள்கள் தேவை. அதைத் தெரிந்துகொண்டு திட்டமிடுவதில் மலைக்காரர்கள் நம்மைவிடக் கவனமானவர்கள்.

பத்து நாள் தங்குபவர் ஊருக்குச் சுமையாகவும் ஆகலாம் என்பதை மறைக்க முடியாது. ஆண்டுக்கு சுமார் 100 மில்லிமீட்டர் மழைதான் பெறும் ஊர் லே. பனிநீர் ஓடைகளையும் ஊற்றுகளையும் நம்பி வாழ்ந்த இடத்தில் இப்போது விடுதிகள் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. தண்ணீரே தேவைப்படாத பழைய உலர் கழிப்பறைகள் இன்னும் இருக்கும் வீட்டுத் தங்கல்களில் இறங்கினால் செலவும் குறையும், கிணற்றின் பளுவும் குறையும்.

ஓட்ட முடிவுப் பட்டியலில் பெயர், வயதுப் பிரிவு, நேரம் மூன்றும் இருக்கும். லடாக் மாரத்தான் அதில் நான்காவதாக ஒரு கட்டம் சேர்க்கலாம்: ஓட்டத்துக்கு முன் லடாக்கில் தங்கிய இரவுகள். ஒரே ஆண்டில், தங்கிய இரவுகளுக்கும் கடைசி ஏற்றத்தில் விழுந்த வேகத்துக்கும் உள்ள உறவு ஆயிரக்கணக்கான ஓட்டக்காரர்களின் கணக்கில் வெளிவந்துவிடும். அடுத்த செப்டம்பருக்கு விடுப்பு கேட்கப்போகும் சென்னை ஓட்டக்காரர் அந்தத் தாளை அலுவலகத்தில் நீட்டிப் பத்து நாள் கேட்கலாம்.